பன்னிரண்டு பேர், ஒரு சிறு கப்பல், ஒரு கணக்குக் கொப்பி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது பாலையூற்றில் ஆற்றப்பட்ட உரை)



செயலாளர் எங்களுக்குப் பதினைந்து நிமிடமும் ஒரு தலைப்பும் தந்தார்: ‘சொகுசுக் கப்பலில் காசுக்குப் பெறுமதியாகப் போய்வருவது எப்படி?’ இந்தத் தலைப்பு வந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். 2024 சித்திரையில் நாங்கள் மீகொங் ஆற்றில் கப்பலில் நின்று எடுத்த படம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் பலர் “எவ்வளவு முடிந்தது?” என்று கேட்டார்கள். இரண்டு பேர் மட்டும் தனியாக எழுதி, “யாருடைய காசு?” என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்கிறோம்.

நாங்கள் 1982இல் உயர்தரம் எழுதிய வகுப்பு. அடுத்த வருடம் ஆடி மாதத்தில் நாடு எரிந்தது. அதன்பின் வகுப்பும் சிதறியது. இந்தப் பயணத்துக்குச் சேர்ந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர் கனடாவிலும் இரண்டு பேர் லண்டனிலும் இரண்டு பேர் அவுஸ்திரேலியாவிலும் ஒருத்தி நோர்வேயிலும் இருக்கிறோம். நாட்டில் இருப்பவர்கள் நாலு பேர்: பாலையூற்றில் இரண்டு பேர், கொழும்பில் ஒருத்தி, மட்டக்களப்பில் ஒருத்தி. 2018 மார்கழியில் இங்கே, பாலையூற்றில், கண்டி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கும் ஒரு வீட்டு முற்றத்தில், அறுபது வயதில் எல்லோரும் சேர்ந்து ஒரு கப்பலில் போவது என்று முடிவெடுத்தோம்.

ஏன் கப்பல் என்று கேட்பீர்கள். துறைமுகத்துப் பிள்ளைகள் நாங்கள். உலகத்திலேயே பெயர்போன இயற்கைத் துறைமுகம் வீட்டு வாசலில் இருந்தும், நாங்கள் ஏறிய ஒரே கப்பல் மூதூர் லோஞ்ச். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். பாதி வழியில் ஒருத்தி சத்தி எடுப்பாள், மற்றவர்கள் பாட்டுப் பாடுவோம். பெரிய கப்பல்கள் வந்து நிற்கும், போகும். அவற்றில் ஏறிப் போனவர்கள் வேறு யாரோ.

2023 ஆனியில் ‘எம்ப்ரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றியதை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட கப்பல் ஆயிரக்கணக்கானோரை ஏற்றும். பஸ் வரிசையாக வரும், கோணேசர் கோயிலுக்குப் போவார்கள், படம் எடுப்பார்கள், திரும்புவார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு இரவுக்கான விலையைப் பார்த்தால் பெரிய கப்பல்தான் மலிவு. ஆனால் நாற்பது வருடமாக ஒரே மேசையில் இருந்து சாப்பிடாத பன்னிரண்டு பேருக்கு மூவாயிரம் பேர் சாப்பிடும் மண்டபம் எதற்கு? எங்களுக்கு வேண்டியது இருபது, முப்பது அறைகள் உள்ள கப்பல். அந்த வகைக் கப்பலுக்குத்தான் விலை கூட. அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் எங்கள் பாடம்.

முதல் பாடம் கூட்டல், வகுத்தல். விளம்பரத்தில் இருக்கும் விலை விலையே அல்ல. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பெரிய கப்பல் ஏழு இரவுக்கு 1,400 டொலர் என்கிறது. நாளுக்கு 200, நல்ல மலிவு. அதோடு துறைமுக வரி 120, பணியாளருக்கான அன்பளிப்பு நாளுக்கு 15 வீதம் 105, கரைச் சுற்றுலா ஐந்து தடவை 70 வீதம் 350, இணையம் நாளுக்கு 20 வீதம் 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 2,115. நாளுக்கு 302 ஆகிவிட்டது. சிறு கப்பல் எல்லாம் அடக்கி 2,450 என்றால் நாளுக்கு 350. முதலில் 150 டொலராகத் தெரிந்த வித்தியாசம் உண்மையில் 48 தான். அந்த 48 டொலருக்கு அது பெறுமதியா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் 48ஐ வைத்து முடிவு செய்யுங்கள், 150ஐ வைத்து அல்ல.

‘எல்லாம் அடக்கம்’ என்ற சொல்லையும் நம்பக்கூடாது. சில்வர்சீ, சீபோர்ன் போன்ற கம்பனிகள் குடிபானம், அன்பளிப்பு இரண்டையும் கட்டணத்திலேயே சேர்க்கின்றன. விண்ட்ஸ்டார் அடிப்படைக் கட்டணத்தில் சேர்ப்பதில்லை, வேண்டுமானால் மேலே கட்டலாம். எங்களில் ஒன்பது பேர் மதுபானத்தைத் தொடுவதில்லை. அப்படியானால் மற்றவர்கள் குடிப்பதற்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்? பானம் சேராத கப்பல்தான் எங்களுக்கு லாபம். (மிச்ச மூன்று பேர் யார் என்று கேட்காதீர்கள். அவர்களுடைய மருமக்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.)

ஆற்றைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்ல, கடவுச்சீட்டு. முதலில் டானியூப் என்றுதான் பேசினோம். கனடா, லண்டன்காரருக்கு அங்கே விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரிக்கு ஷெங்கன் விசா வேண்டும். வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளைகளின் கடிதம் எல்லாம் கொடுத்தும் ஒரு தூதரகம் எங்களில் ஒருத்தியை முன்பொருமுறை திருப்பி அனுப்பியிருந்தது. அறுபது வயதுப் பெண் ஒருத்தி டானியூப் கரையில் ஒளிந்து வாழப்போகிறாள் என்று நினைத்தார்கள் போலும். ஆகவே குழுவில் எந்தக் கடவுச்சீட்டுக்கு வலிமை குறைவோ அதை முதலில் மேசையில் வைத்துவிட்டு வரைபடத்தை விரித்தோம். கங்கையும் பேச்சில் வந்தது. 2023 தையில் தொடங்கிய ‘கங்கா விலாஸ்’ கப்பலில் முப்பத்தாறு பேர் போகலாம், வாரணாசியிலிருந்து திப்ருகார் வரை 51 நாள். 51 நாள் வீட்டை விட்டு வந்தால் தென்னையில் தேங்காய் மிஞ்சாது என்று பாலையூற்றுக்காரி சொன்னாள். வியட்நாம் 2023 ஆவணி நடுப்பகுதியில் எல்லா நாட்டவருக்கும் மின்விசாவைத் திறந்தது. கம்போடியாவுக்கும் முன்கூட்டியே எடுத்தோம். அப்படித்தான் மீகொங்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறோம்.

2019 தையிலிருந்து சீட்டு மாதிரி மாதம் ஆளுக்கு 50 அமெரிக்க டொலர் சேர்த்தோம். நாட்டில் இருந்த நால்வருக்கும் அது அப்போது 9,000 ரூபா. அவர்கள் இங்கே ஒரு வங்கியில் கூட்டுக் கணக்குத் திறந்து போட்டார்கள். கொரோனாவிலும் நிறுத்தவில்லை. 2022 மாசி வரை 38 மாதம். ஒவ்வொருத்தியின் பேரிலும் 3,42,000 ரூபா. சேர்க்கத் தொடங்கிய நாளின் வீதத்தில் அது 1,900 டொலர்.

பங்குனியில் ரூபாயைக் கைவிட்டார்கள். 200 ஆக இருந்த டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டது. அதே 3,42,000 ரூபா 950 டொலர் ஆகிவிட்டது. ஒரு சதமும் செலவழிக்காமல், ஒரு மாதமும் தவறாமல் சேர்த்தவர்களுடைய காசு பாதியாகியது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மின்வெட்டு. அந்த நாட்களில் கப்பலைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருந்தது என்று இங்கிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

வெளியில் இருந்த எட்டுப் பேரும் நல்ல மனதோடுதான் எழுதினோம்: “நீங்கள் யோசிக்க வேண்டாம். மிச்சத்தை நாங்கள் பிரித்துப் போடுகிறோம்.” பாலையூற்றிலிருந்து ஒரு வரி வந்தது: “அப்ப நான் வரேல்லை.”

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்தக் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. காலை வணக்கப் பூப்படம்கூட இல்லை. பத்தாம் நாள் லண்டன்காரி தொலைபேசி எடுத்துக் கோபமாகவே கேட்டிருக்கிறாள்: “என்னடி, நாங்கள் அந்நியரோ?” மறுமுனையில் இருந்தவள் சொன்னது இது: “முப்பது வருடமா நீங்கள் பார்சல் அனுப்பினீங்கள். சண்டைக்குள்ள வந்த மருந்தும் பால்மாவும் இல்லாட்டி என்ர பிள்ளையள் இல்லை. அது உதவி, வாங்கினன். இது உல்லாசம். உல்லாசத்துக்குக் கடன்பட மாட்டன்.”

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகளே, இந்த இடத்தை மலரில் வாசிக்கும்போது கொஞ்சம் நின்று வாசியுங்கள். நாங்கள் எட்டுப் பேரும் அதற்குப் பதில் தேட ஒரு வருடம் எடுத்தோம். கடைசியில் பதிலைக் கண்டுபிடித்தவளும் அவளேதான்.

அவள் சொன்ன கணக்கு இப்படி. கப்பலுக்கு முன் நீங்கள் எட்டுப் பேரும் எப்படியும் ஊருக்கு வருவீர்கள். பத்து இரவு நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஹோட்டலில் நிற்பீர்கள். மூன்று ஹோட்டல்களில் விலை கேட்டுச் சராசரி பார்த்தாள்: அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் ஆளுக்கு நாளொன்றுக்கு 85 டொலர். எட்டுப் பேர், பத்து இரவு, 6,800 டொலர். ஹோட்டலை விடுங்கள், பாலையூற்றில் எங்கள் இரண்டு வீட்டில் நில்லுங்கள். கரைப்பகுதி எங்களுடையது, கப்பல்பகுதி உங்களுடையது.

கப்பல்பகுதிக்கு எவ்வளவு? எங்களுக்குச் சொல்லப்பட்ட கட்டணம் ஏழு இரவுக்கு ஆளுக்கு 1,890 டொலர். சுற்றுலாவும் அன்பளிப்பும் அதில் அடக்கம், மதுபானம் இல்லை. குழுவாக வந்தால் சலுகை உண்டா என்று கேட்டோம். பத்துப் பேருக்கு மேல் வந்தால் ஒருவருக்கு இலவசம் என்றார்கள். அது அவர்களுடைய விளம்பரத்தில் எங்கும் இல்லை. பல கம்பனிகளில் இந்த வழக்கம் உண்டு, எண்ணிக்கை மட்டும் வேறுபடும். கேட்டால்தான் சொல்வார்கள். பதினொரு பேரின் காசு 20,790. அதைப் பன்னிரண்டால் பிரித்தால் ஆளுக்கு 1,732 டொலர் 50 சதம், ஒரு இரவுக்கு 250க்குச் சற்றுக் குறைவு. நாட்டில் இருந்த நால்வரின் பங்கு 6,930 டொலர். கரைப்பகுதி 6,800. நூற்றிமுப்பது டொலர் குறைகிறது. அதையும் விடவில்லை. ஒரு நாள் திமிங்கிலம் பார்க்கப் படகு பிடித்துத் தருவதாகக் கொப்பியில் எழுதி வரவு வைத்துவிட்டாள். கூட்டுக் கணக்கில் இருந்த 13,68,000 ரூபாயில் 6,40,000 பத்து நாள் விருந்தோம்பலுக்கு, மிச்சம் 7,28,000 நாலு பேரின் விமானச் சீட்டுக்கு. யாரும் யாருக்கும் கடன் இல்லை.

அறை விஷயத்திலும் ஒரு சட்டம் வைத்தோம்: எல்லோரும் ஒரே தட்டு, அதுவும் கீழ்த்தட்டு. மேல்தட்டு அறைக்கு மாடம் உண்டு, கீழே சின்ன யன்னல்தான். ஆனால் சிறு கப்பலில் எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே மொட்டைத்தளம், ஒரே வழிகாட்டி. அறைக்குப் போவது நித்திரைக்கு மட்டும். கண்ணை மூடினபிறகு மாடத்தை யார் பார்க்கிறது? ஒன்றைக் கவனியுங்கள்: பின்பக்க அறை என்றால் இயந்திரச் சத்தம். நடுப்பகுதியில் கேளுங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அறைக் கட்டணம் இரண்டு பேரை வைத்துத்தான் போடப்படுகிறது. ஒருவர் மட்டும் இருந்தால் கால்பங்கிலிருந்து முழுப்பங்கு வரை மேலதிகமாகக் கேட்பார்கள். விற்காத அறைகள் இருக்கும் பருவத்தில் இதைத் தள்ளுபடி செய்வதும் உண்டு. நாங்கள் பன்னிரண்டு பேர், ஆறு அறை, அந்தக் கவலை இல்லை என்று இருந்தோம்.

2024 தையில் மட்டக்களப்பில் இருந்தவள் இறந்துபோனாள். புற்றுநோய். எங்களில் மூன்று பேருக்குத்தான் வருத்தம் என்று தெரியும், இவ்வளவு விரைவு என்று ஒருவருக்கும் தெரியாது. செத்தவீட்டுக்கு இங்கிருந்த மூன்று பேரும் போய்வந்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, கப்பல் கணக்கையும் பார்க்க வேண்டியிருந்தது. பயணத்துக்கு நூறு நாள்கூட இல்லை. அந்த நேரத்தில் நிறுத்தினால் பாதிக் காசு போய்விடும் என்பது ஒப்பந்தம். வெளியில் இருந்தவர்கள் எல்லோரும் காப்புறுதி எடுத்திருந்தோம். அவளுக்கு முன்பே இருந்த வருத்தம் என்று எவரும் காப்புறுதி கொடுக்கவில்லை. அதோடு அவளுடைய அறைத்தோழி தனியாகிவிட்டதால் மேலதிகக் கட்டணம் வேறு.

அவளுடைய மகளும் நம் பாடசாலைதான். உங்களில் சிலருக்கு வகுப்புத்தோழியாக இருந்திருப்பாள். அவளே எழுதினாள்: “அன்ரி, அம்மாவின் இடத்தில் நான் வரலாமா? அம்மா ஒரு மாதமும் விடாமல் கட்டினவா.” நிறுத்துவதற்குத்தான் தண்டம், பெயர் மாற்றுவதற்கு அல்ல. கம்பனியிடம் கேட்டோம். ஒரு சின்னத் தொகையோடு மாற்றித் தந்தார்கள். காசு கட்டுமுன் நிறுத்தும் விதியைப் படியுங்கள், பெயர் மாற்றும் விதியையும் படியுங்கள். இந்த உரையில் வேறெதையும் மறந்தாலும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்திரைப் பிறப்புக்கு முதல்நாள் எட்டுப் பேரும் பாலையூற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு வீடு, மூன்று குளியலறை, ஒரு கிணறு. ரொறன்ரோக்காரி முதல்நாள் பாயில் படுத்து இரண்டாம் நாள் கட்டிலுக்கு மாறினாள். வருடப்பிறப்புக் கைவிசேஷத்தை வயதில் மூத்தவளிடம் வாங்க வேண்டும் என்று சொல்லி, யார் மூத்தவள் என்பதில் சண்டை வந்தது. வாக்களித்த திமிங்கிலப் படகு ஒரு விடியற்காலை உப்புவெளியிலிருந்து புறப்பட்டது. பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை நம் கடலுக்குத் திமிங்கிலம் வரும் காலம். சுவாமிமலைக்கு வெளியே கடல் திடீரென்று ஆழமாகிவிடுவதால் கரைக்குக் கிட்டவே வருகின்றன. இரண்டு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில் தென்னை உயரத்துக்கு நீராவி எழுந்தது. உலகத்திலேயே பெரிய உயிரை எங்கள் ஊர்ச் சொந்தக்காரர் ஒருவரின் படகில் இருந்து பார்த்தோம், வாயில் பாணும் சம்பலும்.

படகில் ஏறுமுன் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தோம். 2021 கார்த்திகையில் குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பிள்ளைகள் போனதை நாங்கள் மறக்கவில்லை. கப்பல் சொகுசானது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்கக்கூடாது. மீகொங் கப்பலிலும் முதல் நாளே அங்கி எங்கே, வைத்தியர் உண்டா, இல்லாவிட்டால் கிட்டிய வைத்தியசாலை எது என்று கேட்டோம். ஆற்றுக் கப்பல்களில் பலவற்றில் வைத்தியர் இருப்பதில்லை. மருந்துப் பெட்டியோடு போங்கள்.

இப்போது எங்கள் கெட்டித்தனத்தின் கதை. சித்திரை, வைகாசியில் அங்கே வெயில், வெள்ளைக்காரர் வரமாட்டார்கள், ஆகவே விலை இறங்கும். வெயில் எங்களுக்குப் புதிதா, கச்சான் காற்றில் வளர்ந்தவர்கள் என்று பெருமையாகப் பதிவு செய்தோம். அந்தச் சித்திரையில் தென்கிழக்கு ஆசியா முழுவதும் கடும் வெப்ப அலை. அங்கோர் வாட்டில் நூற்றுக்கணக்கான வருடத்துக் கல் அடுப்பாகக் கொதித்தது. நோர்வேக்காரி பதினொரு மணிக்கே ஒரு தூணோடு சாய்ந்துவிட்டாள். சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில், நுழைவுச்சீட்டு நாளொன்றுக்கு 37 டொலர், அவள் பார்த்தது ஒரு தூண். மலிவு விலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்று எல்லோரிடமும் கேளுங்கள், பலசாலிகளிடம் மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. மழைகாலத்தில் மீகொங் பெருகினால் தொன்லே சாப் ஆறு பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்பும். கோடையில் அந்த ஏரி வற்றிவிடும், கப்பல் கடக்க முடியாது. விளம்பரத்தில் ‘சியம் ரீப்பிலிருந்து’ என்றுதான் போட்டிருந்தது. நாங்கள் சியம் ரீப்பிலிருந்து ஏறியது பஸ்ஸில். ஐந்து மணித்தியாலம். அது சின்ன எழுத்தில் ஒப்பந்தத்தில் இருந்தது, நாங்கள் வாசிக்கவில்லை. பெயர் மாற்றும் விதியை வாசித்த கெட்டிக்காரிகள்தான் இதைத் தவறவிட்டோம்.

கப்பலைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு மாடி, தேக்கு மரத் தளம், இருபத்தாறு அறை. அறைக் கதவுகளில் பெயர் எழுதிய சின்ன அட்டைகள். மட்டக்களப்புக்காரியின் அறையில் மகளின் பெயர் இல்லை, அம்மாவின் பெயர் இருந்தது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டார்கள். பணியாள் பையன் மன்னிப்புக் கேட்டு அட்டையைக் கழற்றப் போனான். மகள், “இருக்கட்டும்” என்றாள். ஏழு நாளும் அது அந்தக் கதவில் இருந்தது. கடைசி நாள் அவள் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்ததை நாங்கள் பார்க்காத மாதிரி நின்றோம்.

ஆறு எப்படி இருந்தது என்று கேட்டால், மகாவலி நம் கொட்டியாரத்தில் வந்து சேரும் இடத்தை நூறு மடங்கு பெருப்பித்துப் பாருங்கள். அதே சேறு, அதே கொக்கு, அதே தாமரை. கம்பொங் சனாங் என்ற ஊரில் சட்டி பானை வனைகிறார்கள். ஊரின் பெயருக்கே அங்கே பானைத் துறை என்றுதான் பொருள். தம்பலகாமத்துச் சந்தைக்குக் கொண்டுவந்து வைத்தால் வித்தியாசம் தெரியாது. நோம் பென்னில் ஆறுகள் கூடிப் பிரியும் இடத்துக்கு ‘சக்தோமுக்’ என்று பெயர். வழிகாட்டி நாலு முகம் என்று விளக்கியதும் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் “சதுர்முகம்!” என்று கத்தினோம். அவர் பயந்துபோனார்.

அந்த நகரில் துவோல் சிலெங்குக்கும் கூட்டிப் போனார்கள். அது ஒரு உயர்தரப் பாடசாலையாக இருந்த கட்டடம். 1975 தொடக்கம் 1979 வரை பொல் பொட்டின் ஆட்சியில் அதைச் சிறையாக்கி, வகுப்பறைகளைச் செங்கல்லால் தடுத்துச் சிறு சிறு அறைகளாக்கி, ஆயிரக்கணக்கானவர்களை அங்கே சித்திரவதை செய்தார்கள். கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. எங்களில் ஏழு பேர் உள்ளே போனோம். பாலையூற்றுக்காரிகள் இரண்டு பேரும் முற்றத்தில் அலரி மரத்தடி வாங்கில் இருந்துவிட்டார்கள். நம் வகுப்பறைகளில் அகதிகள் பாய் விரித்த நாட்களில் நாட்டை விட்டுப் போனவர்கள் உள்ளே போனோம். நாட்டில் இருந்தவர்கள் வெளியே இருந்தார்கள். அதைத் திட்டமிடவில்லை, அப்படி நடந்தது.

சிட்னிக்காரி வெளியே வந்து, “நீங்கள் பார்க்கேல்லையா?” என்று கேட்டாள். “பார்த்தது காணும்” என்று பதில் வந்தது. அவளும் அந்த வாங்கில் இருந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்து இருந்தோம். நாற்பது வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் கேட்காத கேள்விகளை அங்கே கேட்டோம். 1990இல் எங்கே இருந்தாய், யார் சோறு தந்தது, தம்பியை எந்த இடத்தில் பிடித்தார்கள். அதை மலரில் எழுத மாட்டோம்.

வழிகாட்டி வந்து நேரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மற்றப் பயணிகளை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு எங்களுக்கு மூன்று துக் துக் பிடித்துத் தந்தார். கப்பல் எங்களுக்காகக் காத்து நின்றது, மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்திருந்தார்கள். நாளுக்கு 48 டொலர் வித்தியாசம் என்று சொன்னோமே, அது இதற்கு. மூவாயிரம் பேர் வந்த கப்பல் பன்னிரண்டு பெண்கள் அழுது முடியும்வரை நிற்காது.

கப்பல் காத்து நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சரித்திரம் உண்டு. 1660இல் பாய்மரம் பழுதாகி நம் கொட்டியாரக் குடாவுக்குள் வந்த ‘ஆன்’ என்ற கப்பலிலிருந்து கரையிறங்கிய ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனிடம் பிடிபட்டு, தப்பிப் போக 19 வருடம் ஆனது. அவ்வளவு நீண்ட கரைச் சுற்றுலா எந்தக் கட்டணத்திலும் அடக்கம் இல்லை.

சுருக்கமாக இன்னும் இரண்டு விஷயம். கடல் கப்பல்கள் பருவம் மாறும்போது ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு இடம்மாறும். அந்த ஒருவழிப் பயணங்களில் கடலில் கழியும் நாட்கள் அதிகம், ஆகவே இரவுக்கு விலை குறைவு. கடல்தான் வேண்டும், ஊர் பார்ப்பது முக்கியமில்லை என்பவர்களுக்கு நல்லது. ஆனால் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. பாதை மாறினால் என்ன தருவார்கள் என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். விமானச் சீட்டைக் கப்பல் புறப்படும் நாளுக்குப் போடாதீர்கள், ஒரு நாள் முன்னரே போய் நில்லுங்கள். அந்த ஒரு இரவு ஹோட்டல் செலவுதான் உலகத்திலேயே மலிவான காப்புறுதி.

1986ஆம் ஆண்டு வகுப்பு அடுத்த வருடம் போக யோசிப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் கணக்குக் கொப்பியைக் கேட்டிருக்கிறார்கள். சீ.ஆர். கொப்பி ஒன்று, 38 மாதச் சீட்டும், பத்து நாள் மீன் கணக்கும், திமிங்கிலப் படகின் எண்ணெய்க் காசும் எல்லாம் அதில் இருக்கின்றன. கூட்டுக் கணக்கில் வட்டியாக மிஞ்சிய 11,260 ரூபாயை நேற்றுப் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி அதையும் உள்ளே ஒட்டியிருக்கிறோம். கொப்பி வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் பார்க்கலாம், படம் எடுக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வடை சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.